காட்டைக் காக்கச் சொன்ன காரணங்கள்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பாதையில் வார இறுதியில் நடக்கப் போகிறவர்களில் பலர் அதை ஆதிக் காடு என்றே நினைக்கிறார்கள். அங்கங்கே சில துண்டுகள் அப்படிப்பட்டவைதாம். பெரும்பகுதி அப்படியல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அது கேம்பியரும் மிளகும் பயிரிட்டு, மண்ணின் சத்தெல்லாம் போன பிறகு தோட்டக்காரர்கள் விட்டுச்சென்ற நிலம். ஊருக்குக் குடிதண்ணீர் வேண்டியிருந்தது. அதனால் அந்த நிலத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று ஆயிற்று. அதன் பிறகுதான் மரங்கள் திரும்ப எழுந்தன. இன்று அந்தக் காட்டில் வாழும் ராஃபிள்ஸ் லங்கூர் குரங்கும் அழுங்கும் பறக்கும் ஓணானும் குழாய்த் தண்ணீரின் தயவில் பிழைத்தவை.

சிங்கப்பூரின் இயற்கைப் பாதுகாப்பு வரலாறு நெடுகிலும் இதுதான் கதை. ஒவ்வொரு காலத்திலும் காட்டைக் காக்க ஒரு காரணம் சொன்னார்கள். மழை நின்றுவிடும் என்றார்கள், மரக்கட்டை தீர்ந்துவிடும் என்றார்கள், தண்ணீர் கெட்டுவிடும் என்றார்கள், ஊர் அழகாக இருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காரணத்துக்குள் அடங்கியது பிழைத்தது, அடங்காதது அழிந்தது. சூழலியல் என்ற அறிவியல் வளர வளரக் காரணங்களும் மாறின. எதை எதற்காகக் காத்தோம் என்று பின்னோக்கிப் பார்த்தால், இன்று எந்தக் காட்டைப் பற்றி வாதம் நடந்தாலும் அதில் எது பேசப்படாமல் நிற்கிறது என்பது புலப்படும்.

கேம்பியரிலிருந்து தொடங்குவோம். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைப் போன்ற ஒரு சாற்றுக்கட்டி அது. தோல் பதனிடவும் சாயம் போடவும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. கேம்பியர் இலையை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துத்தான் சாறு இறக்க வேண்டும். அதற்கு ஓயாமல் விறகு வேண்டும். ஆகவே பயிரிடுவதற்காக ஒரு காடு, அடுப்பெரிக்க அதன் பக்கத்துக் காடு என்று இரட்டிப்பாக அழிந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் வெறுமையாகிவிடும். தோட்டக்காரர் அடுத்த காட்டுக்கு நகர்வார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தீவில் நகர இடமில்லாமல் பலர் ஜோகூருக்குப் போய்விட்டார்கள். வீடமைப்புப் பேட்டைகளும் விரைவுச்சாலைகளும்தான் நம் காடுகளை விழுங்கின என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அவை வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தீவின் மழைக்காடு பெரும்பாலும் போய்விட்டது.

இதைக் கவலையோடு பார்த்தவர்கள் அப்போதே இருந்தார்கள், ஆனால் அவர்களுடைய கவலை உயிரினங்களைப் பற்றியதல்ல, வானத்தைப் பற்றியது. காட்டை வெட்டினால் மழை குறையும், ஓடை வற்றும், நாடு வறளும் என்ற கருத்து அன்று உலகமெங்கும் பயணப்பட்டுக்கொண்டிருந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மொரீஷியஸ் தீவில் 18ஆம் நூற்றாண்டிலேயே பியர் புவாவ்ர் காட்டை ஒதுக்கிவைக்கச் சட்டம் கொண்டுவந்தார். வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி சுருங்குவதற்குச் சுற்றுப்புறக் காடுகளை அழித்ததும் ஒரு காரணம் என்று அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1800இல் அங்கே போனபோது முடிவுசெய்தார். அந்தச் சிந்தனை சென்னைக்கும் வந்தது. பிற்பாடு சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கிய படை மருத்துவர் எட்வர்ட் பல்ஃபர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1840களில் எழுதினார். வறட்சியையும் பஞ்சத்தையும் அடிக்கடி கண்ட மாகாணத்தில் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. 1856இல் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை அமைந்தது, ஹியூ கிளெக்ஹார்ன் அதன் தலைமை வனப் பாதுகாவலரானார். அவரும் மருத்துவர்தான். அக்காலக் காட்டுப் பாதுகாப்புச் சிந்தனையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர்களின் கைவண்ணம் அதிகம். காய்ச்சல், தண்ணீர், காற்று, தாவரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு இருந்தது.

சிங்கப்பூர் 1867 வரை இந்தியாவிலிருந்து ஆளப்பட்ட இடம். கருத்துகளும் அதே கப்பல்களில் வந்தன. 1847இல் இங்கே ஓர் ஆய்விதழைத் தொடங்கிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், பினாங்கு மலைக்காடுகளை இப்படியே வெட்டிக்கொண்டு போனால் அந்தத் தீவின் தட்பவெப்பம் என்னவாகும் என்று 1848இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் வட்டாரத்தில் அச்சான முதல் சூழலியல் எச்சரிக்கைகளுள் ஒன்றாக அதை வைக்கலாம். காட்டை வெட்டினால் மழை அடியோடு நின்றுவிடும் என்ற அளவுக்கு அந்தக் காலத்துக் கோட்பாடு போனது மிகை. ஆனால் காடு மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, ஓடையின் ஓட்டத்தைச் சீராக்குகிறது, இலைகள் வழியே நீரைத் திரும்பக் காற்றுக்கு அனுப்புகிறது என்ற பகுதி இன்றும் நிற்கிறது.

லோகன் எழுதி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் சிங்கப்பூர்க் காட்டுக்கு எதுவும் நடக்கவில்லை. 1880இல் பூமலையின், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின், பொறுப்புக்கு வந்த நத்தானியல் கேண்ட்லி அதற்கு முன் மொரீஷியஸ் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வெட்டித் தீர்ந்த ஒரு தீவு எப்படியிருக்கும் என்று நேரில் பார்த்தவர் என்பது அவருடைய அறிக்கையில் தெரிகிறது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் காடுகளைப் பற்றி 1883இல் அவர் கொடுத்த அறிக்கையின்படி, சிங்கப்பூர்த் தீவில் ஏறத்தாழ 7 விழுக்காடுதான் காடாக மிஞ்சியிருந்தது. அதன் பிறகே புக்கிட் தீமா உள்ளிட்ட வனக் காப்பிடங்கள் ஒதுக்கப்பட்டன. அவர் சொன்ன காரணங்களில் தட்பவெப்பமும் உண்டு, மரக்கட்டையும் உண்டு. அரசாங்கத்தின் காதில் ஏறியது இரண்டாவதுதான். கட்டை தரும் காடு, வருமானம் தரும் காடு.

அந்தக் காரணத்தின் பலவீனம் அரை நூற்றாண்டில் வெளிப்பட்டது. சிறிய தீவின் காட்டிலிருந்து கட்டை வருமானம் பெரிதாக எதுவும் வரவில்லை. நிலத்துக்குக் கேட்பு கூடியது. 1930களின் நடுவில் காப்பிடங்களில் பெரும்பாலானவற்றின் பாதுகாப்பு நீக்கப்பட்டது. புக்கிட் தீமா நின்றது. 1939இல் புக்கிட் தீமா, பண்டான், கிராஞ்சி மூன்றும் இம்முறை தாவரங்களையும் விலங்குகளையும் காப்பதற்காகவே என்று சொல்லிப் பூமலையின் பொறுப்பில் வந்தன. உயிரினங்களுக்காக என்ற காரணம் இந்தத் தீவில் சட்டத்தில் இடம்பிடிக்கக் கேண்ட்லியின் அறிக்கையிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதற்கிடையே வேறொரு வேலை, எந்தச் சட்டத்தையும் எதிர்பாராமல், நடந்துகொண்டிருந்தது. பட்டியல் போடும் வேலை.

1854இல் ஆங்கில இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இடத்தில் தங்கி வண்டுகள் பிடித்தார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில், சுமார் ஒரு சதுர மைல் பரப்பில், 700 வகை வண்டுகள். நீள்கொம்பு வண்டுகள் மட்டும் 130 வகை. இவ்வளவு எப்படிக் கிடைத்தது என்று அவரே காரணம் சொல்கிறார்: சீனத் தொழிலாளர்கள் அங்கே ஆண்டுக்கணக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், காய்ந்த இலையும் பட்டையும் மரத்தூளும் குவிந்து கிடந்தன, வண்டுகள் அவற்றைத் தேடி வந்தன. தீவின் மிகச் செழுமையான பூச்சிப் பட்டியல் கோடாரியின் பின்னால் நடந்து எழுதப்பட்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வாலஸ் அதோடு நிற்கவில்லை. 1863இல் லண்டனில் அரச புவியியல் சங்கத்தின் முன் படித்த கட்டுரையில் ஒவ்வோர் உயிரினத்தையும் பூமியின் வரலாற்று நூலிலுள்ள ஓர் எழுத்தாகப் பார்க்கச் சொன்னார். எழுத்துகள் உதிர்ந்தால் வாக்கியம் புரியாமல் போகும். ஆகவே அழிவதற்கு முன் எல்லாவற்றின் மாதிரிகளையும் சேகரித்துவிட வேண்டும் என்று அரசுகளை வேண்டினார். செல்வம் தேடுவதில் மூழ்கி இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் என்று வருங்காலத் தலைமுறை நம்மைச் சொல்லும் என்றும் எச்சரித்தார். அழிவைத் தடுக்கச் சொல்வதைவிட அழிவதற்குள் பதிவுசெய்யச் சொல்வதில்தான் அவருக்கு அழுத்தம். இன்றைய பார்வைக்கு அது குறையாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பதிவு இல்லாமல் பின்னால் வந்த பாதுகாப்பு வாதம் எதுவும் எழுந்திருக்காது.

அதே புக்கிட் தீமாவில் அன்று புலி அச்சமும் இருந்தது. நாளுக்கு ஒரு தொழிலாளி புலிக்குப் பலியாகிறார் என்ற அன்றைய பேச்சை வாலஸும் எழுதிவைத்தார். காட்டின் ஓரத்தைத் தோட்டங்கள் தின்னத் தின்ன, மனிதரும் புலியும் முட்டிக்கொண்டார்கள். அரசு புலித்தலைக்குப் பரிசு வைத்தது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளை, அவர்களில் சென்னை மாகாணத்தார் ஏராளம், புலி வேட்டைக்கும் அனுப்பினார்கள். சாலை போட்டவர்களும் அவர்கள்தான். கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டது. அந்தக் காலத்தின் கணக்கில் அது நல்ல செய்தி. பெரிய விலங்கைக் காப்பதற்கு எந்தக் காரணமும் அன்று எவரிடமும் இல்லை.

1888 முதல் பூமலையை நடத்திய ஹென்றி ரிட்லியை ரப்பர்க்காரராகவே நாம் அறிவோம். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கே வகுத்தவர், தோட்டக்காரர்களை ரப்பர் நடச்சொல்லி நச்சரித்தவர். அவர் கொடுத்த விதைகள்தாம் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களாகி, தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்களை இந்தக் கரைக்கு இழுத்துவந்தன. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் வரலாறு பூமலையின் ஒரு மூலையில் தொடங்குகிறது. காட்டை அறிந்த தாவரவியலாளர் ஒருவர்தான் மலாயாவின் காடுகளை இன்னொரு பயிருக்குத் திறந்துவிட்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே ரிட்லி 1900இல் சிங்கப்பூரின் தாவரங்கள் அனைத்தையும் தொகுத்து வெளியிட்டார். விதைகள் உலகெங்கும் எப்படிப் பரவுகின்றன என்பது பற்றி 1930இல் அவர் கொண்டுவந்த பெருநூல் சூழலியலாளர்களுக்கு இன்றும் பயன்படுகிறது.

1929இல் பூமலைக்கு வந்த தாவரவியலாளர் இ. ஜே. எச். கார்னர் அறிவியலை மர உச்சிக்குக் கொண்டுபோனார். தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரோக் குரங்குகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆள் ஏற முடியாத மரங்களிலிருந்து பூவும் காயும் பறித்துத் தரவைத்தார். மண்டாய்ப் பகுதியில் நன்னீர்ச் சதுப்புக்காடு 1930களில் வெட்டப்பட்டபோது, வெட்டுகிறவர்களின் பின்னாலேயே போய் விழும் மரங்களைப் பதிவுசெய்தார். வாலஸ் செய்ததும் கார்னர் செய்ததும் ஒரே காரியம், எண்பது ஆண்டு இடைவெளியில். அந்தச் சதுப்புக்காடு எப்படியிருந்தது என்று இன்று நாம் அறிவது பெரும்பாலும் அவருடைய குறிப்புகளால்தான். பூமலையின் உலர்தாவரத் தொகுப்பில் இன்று ஏறத்தாழ 7,50,000 மாதிரிகள் உள்ளன. அவற்றில் முகம்மது நூர் போன்ற மலாய்ச் சேகரிப்பாளர்கள் சிலரின் பெயர் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சுமை தூக்கியவர்கள், பாதை வெட்டியவர்கள், தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிய நம்மவர்கள் பெயரெல்லாம் எங்கும் இல்லை.

தண்ணீருக்கு வருவோம். மெக்ரிட்சி 1868இல் கட்டி முடிந்தது, லோவர் பியர்ஸ் 1912இல் திறந்தது, செலேத்தார் பின்னால் வந்தது. நீர்ப்பிடிப்பு நிலத்தில் பயிரிடக்கூடாது, குடியிருக்கக்கூடாது. வனக் காப்பிடங்களையெல்லாம் கைவிட்ட அதே அரசாங்கம் இந்த நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. 2,000 ஹெக்டருக்கு மேல் பரந்த மத்திய நீர்ப்பிடிப்புக் காடு அப்படித்தான் பிழைத்தது. 1951இல் இயற்கைக் காப்பிடச் சட்டம் வந்தபோது புக்கிட் தீமா, பண்டான், கிராஞ்சி, லாப்ரடார் ஆகியவற்றோடு அந்த நீர்ப்பிடிப்பு நிலமும் சேர்ந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் நடந்ததைப் பாருங்கள். பண்டானும் கிராஞ்சியும் காப்பிடத் தகுதியை இழந்தன. அங்கிருந்தவை அலையாத்திக் காடுகள். தொழிற்பேட்டைக்கும் கடல் தூர்ப்புக்கும் நீர்த்தேக்கத்துக்கும் அந்தக் கரையோரம் வேண்டியிருந்தது, சேற்றுக் காட்டுக்காகப் பேசக் காரணம் எதுவும் அன்று கைவசம் இல்லை. தண்ணீர் தரும் காடு நின்றது, அலை ஏறும் காடு போயிற்று.

சுதந்திரத்தை ஒட்டி வந்த காரணம் அழகும் ஒழுங்கும். 1963 ஜூன் 16ஆம் தேதி லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டார். 1967இல் தோட்ட நகரம் என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. வெயிலுக்கு நிழல், ஊருக்குத் தூய்மை, வரும் முதலீட்டாளருக்கு இது ஒழுங்கான நாடு என்ற நம்பிக்கை. நோக்கம் வெளிப்படையானது, நிறைவேறவும் செய்தது. சாங்கி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் இருபுறமும் குடை விரிக்கும் தூங்குமூஞ்சி மரங்களை நேசிக்காதவர் யார்? ஆனால் அந்த மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. தோட்ட நகரத்துக்குப் பசுமை வேண்டியிருந்தது, அது எந்தக் காட்டின் பசுமை என்பது கேள்வியாகவில்லை. நகரம் பசேலென்று ஆகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அலையாத்திகளும் பவளத்திட்டுகளும் மறைந்துகொண்டிருந்தன. 1960களில் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் நிலம் எல்லாம் ஒருகாலத்தில் யாரோ சிப்பி பொறுக்கிய கடல்.

அந்தப் பரபரப்பில் பட்டியல்கள்கூடத் தொலைந்திருக்கும். ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் 1970களின் தொடக்கத்தில் வரலாறும் கலையும் சார்ந்த இடமாக மாறியபோது, நூறாண்டுக்கு மேல் சேர்த்த விலங்கு மாதிரிகளுக்கு இடமில்லாமல் போயிற்று. கூரையிலிருந்து தொங்கிய திமிங்கில எலும்புக்கூடு 1974இல் மலேசியாவுக்குக் கொடுக்கப்பட்டது. மற்றவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இடம்விட்டு இடம் மாறின. யாங் சாங் மான் போன்ற காப்பாளர்கள் சிலர் பிடிவாதமாகக் காத்ததால் பிழைத்தன. அவை இன்று லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கின்றன. இந்த நாட்டின் பாதுகாப்பு வரலாற்றில் அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஆண்டுகளுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும் என்பேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பரப்பு கூடினால் இனங்கள் கூடும், பரப்பு குறைந்தால் குறையும் என்பது பழைய கவனிப்பு. இதற்கு 1921இல் ஓலோஃப் அரினியஸ் ஒரு சூத்திரம் கொடுத்தார். 1967இல் ராபர்ட் மக்கார்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளைக் கொண்டு அதற்கு விளக்கம் தந்தார்கள். தீவுக்குப் புதிதாக வந்து குடியேறும் இனங்களுக்கும் தீவில் அற்றுப்போகும் இனங்களுக்கும் இடையே ஒரு சமநிலை உண்டு. தீவு சிறிதாக இருந்தால் அழிவு கூடும், தொலைவில் இருந்தால் வரவு குறையும். கடலுக்கு நடுவே இருக்கும் தீவுக்கு மட்டுமா இது? கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சிய காடும் தீவுதானே என்று அடுத்த தலைமுறை கேட்டது. பாதுகாப்பு உயிரியல் என்ற துறை பெருமளவுக்கு அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. பொதுவாக, வாழிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு போனால் இனங்களில் ஏறக்குறைய பாதி காலப்போக்கில் போகும். உடனே போகாது என்பதுதான் இதில் கொடுமை. மரம் நிற்கும், ஆனால் அதன் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடும் பெரிய பறவை இருக்காது.

இந்தச் சூத்திரத்தைச் சோதிக்க உலகத்தில் சிங்கப்பூரைவிடப் பொருத்தமான இடம் வெப்பமண்டலத்தில் அரிது. ஏறத்தாழ முழுக்க அழிக்கப்பட்ட ஒரு மழைக்காட்டுத் தீவு, கூடவே வாலஸ் காலத்திலிருந்து பதிவுகள். பஞ்சாபில் பிறந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நவ்ஜோத் சோதி, பேரி புரூக், பீட்டர் எங் மூவரும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அதைத்தான் செய்தது. 1819 முதல் 183 ஆண்டுகளில் வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. பதிவான இனங்களில் 28 விழுக்காடு மறைந்துவிட்டது. தீபகற்ப மலேசியாவின் பட்டியலோடு ஒப்பிட்டு, பதிவாகாமலே போனவற்றையும் சேர்த்தால் அழிவு 73 விழுக்காடு வரை போகும் என்றார்கள். நிலப்பரப்பில் வெறும் 0.25 விழுக்காடான காப்பிடங்களில்தான் மிஞ்சிய உள்நாட்டு உயிரினங்களில் பாதிக்குமேல் வாழ்கின்றன என்பதும் அந்த ஆய்வு சொன்னதே. தென்கிழக்காசியக் காடுகளைப் பற்றி உலகம் பேசிய விதத்தை அது மாற்றியது. சோதி 2011இல், ஐம்பது வயதுக்குள், காலமானார்.

பதிவாகாமல் போனதை எப்படி எண்ணுவது என்ற சிக்கல் அதன் பிறகும் தொடர்ந்தது. கல்யாண விருந்துக்குத் தாமதமாக வந்தவர், அதற்குள் எத்தனை பேர் சாப்பிட்டுப் போனார்கள் என்று கிடக்கும் இலைகளை வைத்து எண்ண முடியாது, முதல் பந்தி இலைகளை எடுத்தே போட்டிருப்பார்கள். வாலஸ் வந்தபோதே தீவின் காடு பாதிக்குமேல் போயிருந்தது. 2023இல் ரயன் சிஷம் குழுவினர் வேறு வழியில் போனார்கள். ஒரு காலகட்டத்தில் அறியப்பட்டிருந்த இனங்களில் எத்தனை பங்கு பிறகு மறைந்தது என்பது பதிவுகளிலிருந்து தெரியும். அப்போது இருந்தும் எவர் கண்ணிலும் படாத இனங்களும் ஏறக்குறைய அதே வேகத்தில் மறைந்திருக்கும் என்று கொண்டால், பிற்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம். 3,000க்கும் மேற்பட்ட இனங்களின் 50,000க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து அவர்கள் கண்ட விடை 37 விழுக்காடு. முந்தைய உயர்ந்தபட்ச மதிப்பீட்டில் இது பாதி. சிலருக்கு இது நிம்மதி தந்தது, எனக்குத் தரவில்லை. மூன்றில் ஒன்றுக்கு மேல் என்பது சிறிய எண்ணல்ல, பெரிய விலங்குகளையும் காட்டையே நம்பிய பறவைகளையும் பொறுத்தவரை இழப்பு இந்தச் சராசரியைவிடக் கூடுதல். ஆனால் ஒன்று உறுதியாயிற்று. தொலையாமல் காத்த அந்தப் பெட்டிகள் இல்லையென்றால் இந்த எண்ணும் இல்லை.

அறிவியல் தந்த இந்தக் காரணம், அதாவது இந்த இனம் இந்த இடத்தில் மட்டுமே இருக்கிறது என்ற காரணம், 1980களில் பொதுவாழ்வுக்குள் நுழைந்தது. 1986இல் சுங்கை பூலோவின் கைவிடப்பட்ட இறால் குளங்களில் வலசைப் பறவைகள் கூடுவதை மலாயா இயற்கைச் சங்கத்தின் பறவை ஆர்வலர்கள் கவனித்து அரசுக்கு எழுதினார்கள். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறப்பவற்றுக்கு அது நடுவழி மடம். 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் இயற்கைக் காப்பிடமும் ஆயிற்று. அது ஆதி நிலமல்ல, மனிதர் வெட்டிய குளம். ஆதித்தன்மை இல்லாத இடத்துக்கும் மதிப்புண்டு என்று இங்கே முதலில் நிறுவியது அந்த இடம்தான்.

லோவர் பியர்ஸ் விவகாரம் அதைவிடக் கூர்மையானது. நீர்த்தேக்கக் காட்டில் கோல்ஃப் திடல் அமைக்கத் திட்டம் வந்தபோது, இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் காட்டுக்குள் இறங்கிச் செடி, பறவை, பூச்சி எல்லாவற்றையும் எண்ணி 1992இல் ஒரு தாக்க மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டார்கள். மக்களின் கையெழுத்துகளும் சேர்ந்தன. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. தண்ணீருக்காகக் காத்த காடு அன்றுதான் தன்னில் வாழும் உயிர்களுக்காகவும் காக்கப்பட்டது. அந்த இரண்டு போராட்டங்களிலும் உழைத்தவர்களில் ஒருவர் சுபராஜ் ராஜதுரை. காட்டிலேயே கற்றவர், பறவையின் குரலை வைத்தே இனம் சொல்பவர், பிறகு பல ஆண்டுகள் வழிகாட்டியாகவும் ஆலோசகராகவும் இருந்தவர். 2019இல் 56 வயதில் மறைந்தார். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பெயர்.

எல்லாப் போராட்டமும் அப்படி முடியவில்லை. செனோக்கோவின் பறவைக் காட்டுக்காகவும் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், 1990களின் நடுவில் அது வீடுகளுக்குப் போயிற்று. 2001இல் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரை தூர்க்கப்படவிருந்த கடைசி மாதங்களில், அங்கே என்ன வாழ்கிறது என்று அரும்பொருளகத்தாரும் தொண்டூழியர்களும் நீரிறங்கிய நேரமெல்லாம் போய் எண்ணினார்கள். அந்த டிசம்பரில் தூர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு என்பதுதான் அதிகாரபூர்வச் சொல், இன்றுவரை.

அடுத்து வந்த காரணம் காடுகளுக்கிடையே இணைப்பு. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை குன்றின் காட்டையும் நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. புக்கிட் தீமாவின் காப்பிடம் 163 ஹெக்டர்தான், தனித்தீவாகிவிட்டது. மறு ஆண்டே அங்கிருந்த கடைசி ராஃபிள்ஸ் லங்கூர் நாய்களிடம் சிக்கி இறந்தது. 2013இல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மண் பரப்பி மரம் நட்டு விலங்குப் பாலம் கட்டினார்கள். அழுங்கு அதில் கடக்கிறது. அப்பர் தாம்சன் பழைய சாலையின் மேலே கட்டிய கயிற்றுப் பாலங்களில் லங்கூர்களும் போகின்றன. குறுக்குத் தீவு ரயில்பாதை காப்பிடத்தின் அடியில் சராசரியாக 70 மீட்டர் ஆழத்தில் போகும் என்று 2019இல் முடிவானது. இவையெல்லாம் மக்கார்தர், வில்சன் கணக்கிலிருந்து பிறந்த பொறியியல். தெங்கா நகரில் பழைய காட்டை வெட்டி வீடு கட்டும்போது, மேற்கு நீர்ப்பிடிப்புக்கும் நடுவிலுள்ள காட்டுக்கும் இடையே 5 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்கு ஒரு காட்டுவழி விடுவதும் அந்த வரிசையில் வருவதே. 100 மீட்டர் போதுமா என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இருக்கிறது. ஓரக் காட்டின் வெயிலும் காற்றும் உள்ளே பல பத்து மீட்டர் ஊடுருவும், நடுவில் மிஞ்சும் உட்காடு ஒடுங்கியது.

இப்போதைய வாதம் காப்பிடங்களுக்கு வெளியே நடக்கிறது. கிளமெண்டி, டோவர் போன்ற காடுகள் பழைய ரப்பர்த் தோட்டமும் கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்பும் இருந்த இடத்தில் அல்பீசியா மரம் வளர்ந்து தானாக எழுந்தவை. பழைய பட்டியல்களில் இவை இல்லை. வாலஸ் வரவில்லை, கார்னர் வரவில்லை. கிளமெண்டிக் காடு 1998 முதல் குடியிருப்பு நிலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உடனே கட்டப்போவதில்லை, ஆனால் குறிப்பை மாற்றப்போவதில்லை என்பது 2021இல் அரசு சொன்ன நிலைப்பாடு. அதே ஆண்டு டோவர் காட்டின் கிழக்குப் பாதி வீடுகளுக்கும் ஒரு பூங்காவுக்கும் என்று முடிவானது. உயிரினங்கள் அதிகமுள்ள மேற்குப் பாதியை ஏறத்தாழ பத்தாண்டுக்குத் தொடாமல் வைத்து, பிறகு மறுபரிசீலனை செய்வார்கள். வீடு கேட்கும் இளம் தம்பதியரின் தேவை பொய்யல்ல, அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆனாலும் மறுபரிசீலனை நடக்கும் நாளில் மேசையில் இருக்கப்போவது அந்தக் காட்டைப் பற்றி இந்தப் பத்தாண்டில் எழுதிவைக்கப்படும் பதிவுகள்தாம். எந்தப் பறவை எந்த மாதம் கூடு கட்டியது, ஓடையில் எந்த மீன், எந்த நாற்று தானாக முளைத்தது என்ற பதிவு. அந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை, பயிற்சி தர இயற்கைச் சங்கத்திலும் தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியத் திட்டங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.